கட்டளைக்குப் பணியாத கவிஞர்: ழோர்ழ் பிரஸான்ஸின் வாழ்வும் பாட்டும்

இரண்டாம் உலக யுத்தத்தின் இடிபாடுகளினின்று பிரான்ஸ் தேசம் மெல்ல எழுந்துகொண்டிருந்த காலத்தில், பாரிஸ் நகரத்தின் சிறு அரங்குகளில் ஒரு புதிய கலைஞர் மரபு வேரூன்றியது. தாமே கவி புனைந்து, தாமே மெட்டமைத்து, தாமே மேடையேறிப் பாடிய வாக்கேயக்காரர்கள் பலர் அக்காலத்தே தோன்றி, இரவுப் பொழுதைப் போக்குவதற்கென்று மட்டும் கருதப்பட்ட பாட்டை இலக்கியத்தின் வாயில்வரை அழைத்துச் சென்றனர். லெயோ ஃபெர்ரே, பெல்ஜியத்திலிருந்து வந்த ழாக் பிரெல், கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வந்த ஃபெலிக்ஸ் லெக்லேர், பின்னர் பார்பாரா என்னும் பெண்மணி ஆகியோர் இம்மரபின் தூண்கள். இவர்களுள் மொழித் தேர்ச்சியாலும் யாப்பின் செம்மையாலும் தனித்து நிற்பவர் ழோர்ழ் பிரஸான்ஸ்.

அவருடைய வாழ்வையும் பாட்டையும் ஒருங்கே ஆராய்வோர்க்கு ஒரு புதிர் எதிர்ப்படும். அரசு, நீதிமன்றம், ராணுவம், திருச்சபை, விவாகச் சடங்கு ஆகிய எந்த அதிகாரத்துக்கும் தலைவணங்க மறுத்த ஒருவர், பாட்டின் அசைக்கணக்குக்கும் இயைபுத் தொடைக்கும் மட்டும் ஆயுள் முழுவதும் அடங்கி நடந்தார். கட்டற்ற வாழ்வை விழைந்த அதே மனிதர், கட்டற்ற கவிதையை ஒருபோதும் எழுதவில்லை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மாறுபட்டவை போலத் தோன்றினும், ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பிறப்பும் கல்வியும்

பிரஸான்ஸ் 1921-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ஆம் தேதி, தென் பிரான்ஸில் மத்தியதரைக் கடலுக்கும் தோ என்னும் உப்பங்கழிக்கும் இடையே அமைந்த ஸேத் துறைமுகத்தில் பிறந்தார். தந்தை ழான்-லூயி கட்டடத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்ட குடும்பத்தினர். மத குருமாரிடம் நம்பிக்கையற்ற சுயசிந்தனையாளர். தாய் எல்விரா, தென் இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்தோரின் மகள். முதல் கணவரை முதல் உலக யுத்தத்தில் பறிகொடுத்தவர். ஆழ்ந்த கத்தோலிக்க பக்தர். நாஸ்திகமும் பக்தியும் ஒரே கூரையின் கீழ்க் கலகமின்றி வாழ்ந்த அவ்வீட்டில், இருவரையும் இணைத்தது சங்கீதம். வேலைக்கு நடுவே எந்நேரமும் யாரேனும் ஒருவர் பாடிக்கொண்டிருந்த அச்சூழலில், நேப்பிள்ஸ் நகரத்து மெட்டுகளும், வானொலி வழி வந்த ஷார்ல் திரெனேயின் துள்ளல் பாட்டுகளும், அமெரிக்க ஜாஸ் இசையும் பிள்ளையின் செவியில் ஒருசேரப் பதிந்தன. சங்கீதத்தை அவர் முறையாகப் பயின்றவரல்லர். செவியே அவருக்கு முதல் ஆசிரியராயிற்று.

இரண்டாம் ஆசிரியர், ஸேத் பள்ளியில் பிரெஞ்சு இலக்கியம் போதித்த அல்போன்ஸ் பொன்னாஃபே. முரட்டு மாணவர் நிறைந்த வகுப்பில் வியோன், போதலேர், வெர்லேன் ஆகியோரின் கவிதைகளை அவர் உணர்ச்சியோடு எடுத்துரைத்தபோது, படிப்பில் நாட்டமற்றிருந்த பிரஸான்ஸுக்குக் கவிதை ஒரு வாழ்நாள் தொழிலாகவே தென்படலாயிற்று. அந்த மாணவர் புகழ் பெற்ற பின், 1963-இல், செகேர்ஸ் பதிப்பகத்தார் 'இன்றைய கவிஞர்கள்' என்னும் வரிசையில் அவரைப் பற்றிய நூலை வெளியிட்டபோது, அதை எழுதியவர் இதே பொன்னாஃபேயே. ஆசிரியர் தம் மாணவரைக் கவிஞர் என்று உலகுக்கு அறிமுகம் செய்யும் பேறு எளிதில் கிட்டுவதன்று.

பள்ளிப் பருவத்தின் இறுதியில் நேர்ந்த ஒரு சம்பவம் அவருடைய நெறியையே வகுத்தது எனலாம். தோழர் சிலரோடு சேர்ந்து, உறவினரின் நகைகளைத் திருடி விற்ற குற்றத்துக்காக அவர் பிடிபட்டார். சிறைவாசம் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் பெற்றார். சிறிய ஊரில் அவமானம் பெரிதாயிற்று. ஆயினும் காவல் நிலையத்துக்கு மகனை அழைத்துச் செல்ல வந்த தந்தை, கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின், 1966-இல், 'நான்கு மாணவர்கள்' என்னும் பாட்டில் அந்தத் தந்தையின் மன்னிப்பை அவர் நினைவுகூர்ந்தார். சட்டம் தண்டித்தது, ஊர் இகழ்ந்தது, ஒரு தனிமனிதர் மன்னித்தார் என்னும் இந்த அனுபவத்தினின்றே, ஸ்தாபனங்களின் மேல் அவநம்பிக்கையும், தனிமனிதரின் கருணைமேல் தளராத நம்பிக்கையும் அவருள் ஒருங்கே தோன்றின.

ஃப்ளோரிமோன் சந்து

1940-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பாரிஸ் சேர்ந்த பிரஸான்ஸ், சிற்றன்னை முறையான உறவினர் ஒருவரின் வீட்டில் தங்கி, ரெனோ மோட்டார் தொழிற்சாலையில் வேலைக்கமர்ந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஜெர்மன் விமானங்கள் அத்தொழிற்சாலையின்மீது குண்டு வீசியதோடு அந்த உத்தியோகம் முடிந்தது. பின்னர் நகரம் அந்நியர் வசமிருந்த ஆண்டுகளில், அவர் பெரும்பாலான பகற்பொழுதை நூல் நிலையத்தில் கழித்து, பழைய கவிஞர்களை முறைப்படி கற்றார். அசைக்கணக்கையும் இயைபையும் தாமே பயின்றார். 1942-இல் சிறு கவிதைப் பிரசுரங்களும் வெளிவந்தன. அவற்றின் கவித்துவம் சாமானியமானதே. எனினும், பிற்காலத்தில் எல்லோரும் வியந்த பாஷா ஞானத்துக்கு அவ்வாண்டுகளின் உழைப்பே அஸ்திவாரமாயிற்று.

1943-ஆம் ஆண்டு பிரெஞ்சு வாலிபர்களை ஜெர்மனிக்கு அனுப்பிய கட்டாய உழைப்புச் சட்டத்தின்படி, அவர் பெர்லினுக்கு அருகிலுள்ள பாஸ்டோர்ஃப் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, விமான எஞ்சின் தொழிற்சாலையில் அமர்த்தப்பட்டார். பீயேர் ஒந்தெனியாந் முதலிய ஆயுட்கால நண்பர்களை அவர் பெற்றது அம்முகாமில்தான். அந்த நண்பர் பிற்காலத்தில் அவருடைய காரியதரிசியாகி இறுதிவரை உடனிருந்தார். மறு ஆண்டு மார்ச் மாதத்தில் சில நாள் விடுமுறையில் பாரிஸ் வந்த பிரஸான்ஸ், திரும்பிச் செல்லாமல் தலைமறைவானார்.

அவருக்கு அடைக்கலம் தந்தவர், பதினான்காம் வட்டாரத்தில் ஃப்ளோரிமோன் என்னும் முட்டுச்சந்தில் வாழ்ந்த ழான் என்னும் மாது. அவரினும் ஏறத்தாழ முப்பது வயது மூத்தவர். கணவர் மர்ஸேலோடும், நாய் பூனைகளோடும், ஒரு வாத்தோடும் வறுமையில் காலந்தள்ளியவர். அவ்வீட்டில் மின்சாரமில்லை, குழாய் நீருமில்லை. யுத்தம் முடியும்வரை ஒளிந்திருக்க வந்தவர் 22 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். புகழும் பொருளும் வந்த பின்னும் அவர் அந்தச் சந்தைவிட்டு அகலாமல், அவ்வீட்டையே விலைக்கு வாங்கி, அதில் இல்லாத வசதிகளை ஏற்படுத்தினார். மர்ஸேல் மறைந்து, ழான் முதிய வயதில் மறுமணம் செய்துகொண்ட 1966-ஆம் ஆண்டில்தான் அவர் வேறிடம் சென்றார்.

அந்த வீட்டாரின் உபகாரம் அவர் பாட்டுகளில் நிலைபெற்றது. 1954-இல் வந்த 'ஒவெர்ஞக்காரருக்கு ஒரு பாட்டு' என்பதை மர்ஸேலுக்கு அவர் செலுத்திய நன்றியாகவே ரஸிகர்கள் போற்றுவர். குளிரில் விறகு தந்தவர், பசியில் ரொட்டி தந்தவள், காவலர் இழுத்துச் செல்கையில் பரிவோடு பார்த்த அந்நியர் என மூவரை அது வாழ்த்துகிறது. ஈந்த பொருள் அற்பம். ஊரே கதவடைத்த வேளையில் ஈந்தமையால் அது பெரிது. 'காலத்தினாற் செய்த நன்றி' என்று வள்ளுவர் போற்றிய அறம், குறளை அறியாத ஒரு பாரிஸ் கவிஞரின் பாட்டில் இத்துணைத் தெளிவோடு அமைந்திருப்பது, மனித உள்ளம் எங்கும் ஒன்றே என்பதைக் காட்டுகிறது.

யுத்தம் முடிந்தபின் அவர் அராஜகவாதிகள், அதாவது அரசு என்னும் அமைப்பையே வேண்டாதவர்கள், நடத்திய 'லெ லிபெர்த்தேர்' என்னும் பத்திரிகையில் 1946, 1947-ஆம் ஆண்டுகளில் புனைபெயர்களில் எழுதினார். விரைவிலேயே அவ்வியக்கத்தின் அன்றாட வேலைகளிலிருந்து விலகினாரெனினும், அதன் சாரத்தை விட்டாரில்லை. 1947-இல் அவர் சந்தித்த எஸ்டோனிய நாட்டு மாது ழோஹா ஹைமன் அவருடைய வாழ்நாள் துணைவியானார். இருவரும் மணம் புரியவுமில்லை, ஒரே வீட்டில் வசிக்கவுமில்லை. அன்பைப் பதிவேட்டுக்குள் அடக்கலாகாது என்னும் அந்த முடிவை விளக்கும் பாட்டும் 1966-இல் வெளிவந்தது. 1999-இல் மறைந்த அம்மாது, அவருடைய சமாதியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மேடைப் பிரவேசம்

தம் பாட்டுகளைப் பிறர் பாட வேண்டுமென்பதே பிரஸான்ஸின் ஆரம்ப விருப்பம். பல அரங்குகளில் முயன்றும் பயன் விளையவில்லை. முப்பது வயதான நிலையில், 1952-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஸேத் ஊர் நண்பர்களின் ஏற்பாட்டால், மொன்மார்த்ர் குன்றில் அரங்கு நடத்திவந்த பத்தாஷு என்னும் பாடகியின் முன் அவர் பாடிக் காட்டினார். சில பாட்டுகளைத் தாம் பாட இசைந்த அப்பெண்மணி, மற்றவற்றை இயற்றியவரே பாடினாலன்றி அவை சிறக்கமாட்டா என்று உணர்ந்து அவரை மேடையேற்றினார். அங்கே டபிள் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த பீயேர் நிக்கோலா துணைக்கு வந்தார். அந்தத் துணை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது. பத்தாஷுவின் மூலம் இவரைக் கேள்வியுற்ற ழாக் கனெத்தி, இசைத்தட்டு ஒப்பந்தமும் தம் 'த்ருவா போதே' அரங்கில் இடமும் அளித்தார்.

அக்காலத்து மேடை மரபுக்கு இவர் முற்றிலும் மாறானவர். பருத்த உடல், அடர்ந்த மீசை, வியர்வை வழியும் முகம், நாற்காலியின்மேல் ஒரு காலை ஊன்றி அதன்மேல் சாய்த்த கிட்டார், ரஸிகரை நோக்கத் தயங்கும் கண்கள் ஆகிய இவையே அவருடைய மேடைத் தோற்றம். அங்க அசைவுகளும் அலங்காரமும் இன்மையால், சபையோரின் கவனம் முழுவதும் சொல்லின்மீதே சென்று நிலைத்தது.

அச்சொல்லோ சமூகத்தை அதிர வைத்தது. 1952-இல் வெளியான 'கொரில்லா' என்னும் பாட்டு, கூண்டினின்று தப்பிய விலங்கொன்றின் கையில் அகப்பட்டு அவமதிக்கப்படும் நீதிபதியைப் பற்றியது. மேலோட்டமாகக் கேட்போர்க்கு அது ஆபாசமான வேடிக்கைக் கதை. இறுதியில் அந்நீதிபதி, தம் தீர்ப்பால் சிரச்சேதமுண்டவனின் அச்சத்தைத் தாமே அடைகிறார் என்பதைக் கேட்கும்போதுதான், மரண தண்டனையின்மேல் தொடுக்கப்பட்ட கணை அது என்பது புலப்படும். அரசு வானொலி அப்பாட்டை விலக்கி வைத்தது. 1955-இல் தொடங்கப்பட்ட தனியார் வானொலி நிலையமான 'யூரோப் 1' தான் அதை ஒலிபரப்பத் துணிந்தது. 'கெட்ட பெயர்' என்னும் மற்றொரு பாட்டு, தேசியத் திருநாளில் அணிவகுப்பைக் காணச் செல்லாமல் படுத்துறங்கும் ஒருவனை ஊரார் பகைப்பதைக் கூறுகிறது. யாருக்கும் தீங்கிழையாதவனையும், கூட்டத்தோடு நடவாமை ஒன்றே காரணமாக, உலகம் குற்றவாளியாக்கும் என்பதே அதன் பொருள்.

யாப்பும் இசையும்

இனி, அவர் கலையின் உட்கூற்றை நோக்குவோம். அவருடைய காலத்துக்கு வெகு முன்னரே பிரெஞ்சுக் கவிஞர் பலர் அசைக்கணக்கையும் இயைபையும் உதறிவிட்டிருந்தனர். பிரஸான்ஸ் அவ்வழியிற் செல்லவில்லை. பன்னிரண்டு அசை கொண்ட அலெக்ஸாந்திரன் அடியையும், எட்டசை அடியையும் பழைய இலக்கணம் பிழையாமல் கையாண்டார். ஸேத் கடற்கரையில் தம்மை அடக்கம் செய்யுமாறு வேண்டும் 1966-ஆம் ஆண்டின் நெடும்பாட்டு இதற்குச் சிறந்த சான்று. ஆறடி கொண்ட அதன் ஒவ்வொரு கண்ணியிலும், பன்னிரண்டசை அடி இரண்டும் எட்டசை அடி ஒன்றும் என்னும் அமைப்பு இருமுறை வருகிறது. நீண்ட அடிகள் இணைந்து இயைய, குறுகிய அடிகள் இரண்டும் தொலைவிலிருந்து ஒன்றையொன்று எதிரொலிக்கின்றன. ஏழு நிமிஷத்துக்கு மேல் நீளும் அப்பாட்டில் இவ்வமைப்பு ஓரிடத்தும் தளரவில்லை.

சொல்லாட்சியிலும் இதே நுணுக்கம். பதினைந்தாம் நூற்றாண்டுக் கவிஞரான வியோனின் காலத்து வழக்கொழிந்த சொல், கிரேக்க புராணத்துத் தெய்வத்தின் பெயர், பாரிஸ் வீதியின் கொச்சை மொழி ஆகிய மூன்றும் ஒரே அடியில் அடுத்தடுத்து நின்று, ஒன்றுக்கொன்று ஒளி தருகின்றன. நாட்பட்ட மரபுத்தொடர்களை எடுத்து, அவற்றின் ஒரு சொல்லை மாற்றிப் புதுப் பொருள் காட்டுவது அவருக்குக் கைவந்த கலை. ஒரு பாட்டைப் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், அடித்தும் திருத்தியும் செப்பனிட்டார். மேடையில் எளிதாகப் பிறந்ததுபோல ஒலித்ததன் பின்னே அத்துணை உழைப்பிருந்தது.

சாகித்யத்தை முதலில் முடித்து, பின்னரே அதற்குரிய மெட்டுகள் பலவற்றை முயன்று தேர்வது அவர் வழக்கம். திரைப்படத்தின் பின்னணி இசைபோல, இசை சொல்லைத் தாங்கி நிற்க வேண்டுமேயன்றி முன்னே வந்து மறைத்தலாகாது என்பது அவர் கொள்கை. இதனால் அவருடைய மெட்டுகள் யாவும் ஒரே வகையின என்று சிலர் குறை கூறினர். அவற்றின் சுரப்போக்கில் மறைந்திருந்த ஜாஸ் நடையை இசைவாணர்கள் அறிந்திருந்தனர். அவர் காலத்திலேயே ஜாஸ் வித்வான்கள் அம்மெட்டுகளைச் சொல்லின்றித் தனித்து வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டனர்.

பிற கவிஞர்களின் பாட்டுகளுக்கு அவர் அமைத்த இசையும் ஆய்வுக்குரியது. வியோன், விக்தோர் ஹியூகோ, வெர்லேன், பால் ஃபோர் ஆகியோரின் கவிதைகள் அவர் குரல் வழியே பள்ளிக்கூடத்துக்கு வெளியே சென்றன. கம்யூனிஸ்டான லூயி அரகோனின் காதற் கவிதையையும், கத்தோலிக்கரான ஃபிரான்ஸிஸ் ழாமின் பிரார்த்தனைக் கவிதையையும் அவர் ஒரே மெட்டில் பாடினார். முன்னதில், காதலோடு தேசபக்தியையும் சேர்த்துப் பேசும் இறுதிக் கண்ணியைப் பாடாமல் விட்டார். தமக்கு உடன்பாடில்லாததை அழகுக்காகவும் ஏற்காத அவருடைய நேர்மைக்கு இது சான்று. அந்துவான் போல் என்னும் புகழறியாக் கவிஞரின் நூலொன்றை யுத்த காலத்தில் பழம்பொருட் சந்தையில் கண்டெடுத்து, அதிலிருந்த 'கடந்து செல்லும் பெண்கள்' என்னும் கவிதையைப் பல்லாண்டு மனத்தில் வைத்திருந்து 1972-இல் பாடி வெளியிட்டார். முந்தைய ஆண்டே காலமாகிவிட்ட அக்கவிஞரின் பெயர் இன்று நிலவுவது இப்பாட்டினாலேதான்.

விவாதமும் விருதும்

அவருடைய கொள்கையின் எல்லையையும் நடுநிலையோடு சுட்டுதல் ஆய்வாளர் கடமை. 1964-இல் வந்த 'இரண்டு மாமன்மார்' என்னும் பாட்டில், ஆங்கிலேயரின் நண்பரான ஒருவரும் ஜெர்மானியரின் நண்பரான மற்றொருவரும் மாண்டதை ஒரே தட்டில் வைத்து, இருவர் மரணமும் வீணே என்றார். ஆக்கிரமிப்பை எதிர்த்துச் சிறையும் சித்திரவதையும் அனுபவித்தோர் இதனால் மனம் புண்பட்டது நியாயமே. நாட்டைப் பறித்தவனையும் பறிகொடுத்தவனையும் சமமாகக் கருதுவது கருணையாகாது என்பதே நம் கருத்து. 1972-இல் வந்த 'கருத்துக்களுக்காக இறத்தல்' என்னும் பாட்டில் அவர் தம் நிலையை மேலும் தெளிவாக்கினார். பிறரை உயிர்த்தியாகத்துக்குத் தூண்டும் போதகர்கள் தாம் மட்டும் நெடுநாள் வாழ்கின்றனர் என்னும் அப்பாட்டின் குற்றச்சாட்டு, முன்னதைவிட ஆழமும் நீதியும் உடையது.

1964-ஆம் ஆண்டில், ஈவ் ரொபேர் இயக்கிய திரைப்படத்துக்காக அவர் இயற்றிய 'தோழர்களே முதலில்' என்னும் பாட்டு அவரைப் பிரெஞ்சு மக்கள் அனைவருக்கும் உரியவராக்கியது. 1967-இல் பிரெஞ்சு அகாதெமி தன் கவிதைப் பெரும் பரிசை அவருக்கு வழங்கியபோது, பாட்டுப் பாடுவோருக்கு இவ்விருது தகுமோ என்ற சர்ச்சை எழுந்தது. தம்மைக் கவிஞர் என்று சொல்லிக்கொள்ளத் தயங்கிய அவரோ, அச்சர்ச்சையில் தலையிடவில்லை. சிறுநீரகக் கல்லின் கொடிய வேதனை பல்லாண்டு வாட்டியபோதும், மேடையை அவர் கைவிட்டாரில்லை. 1976-இல் கடைசி இசைத்தட்டு வெளிவந்தது. அவ்வாண்டு முதல் மறு ஆண்டு வரை பொபினோ அரங்கில் மாதக்கணக்கில் பாடியதே அவருடைய இறுதிப் பாரிஸ் கச்சேரித் தொடர்.

புற்றுநோயால் 1981-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி, மோன்பெலியே நகருக்கு அருகில் மருத்துவ நண்பரின் இல்லத்தில், தம் அறுபதாம் வயதில் அவர் காலமானார். அதற்கு 20 நாள் முன்னர், அக்டோபர் 9-ஆம் தேதியன்று, பிரான்ஸ் மரண தண்டனையைச் சட்டத்தால் ஒழித்திருந்தது. கவிஞர் பால் வலெரி துயிலும் கடலோர மயானம் ஸேத் நகரின் பெருமை. பிரஸான்ஸ் அடக்கம் செய்யப்பட்டதோ உப்பங்கழியை நோக்கிய, ஏழைகளின் மயானம் எனப்படும் லெ பி என்னும் இடத்தில்.

முடிவுரை

தொடக்கத்தில் கூறிய புதிருக்கு இப்போது விடை காணலாம். பிரஸான்ஸ் மறுத்தவை யாவும், மனிதனைப் புறத்தேயிருந்து ஆளும் கட்டளைகள். ஏற்றவை யாவும், ஒருவர்க்கு ஒருவர் விருப்பத்தோடு செலுத்தும் கடமைகள். நண்பர்க்கு நன்றி, அடைக்கலம் தந்தவர்க்கு விசுவாசம், ஆசிரியர் வழி வந்த பழங்கவிஞர்க்கு மரியாதை, கேட்போர்க்கு அரைகுறையான சரக்கைத் தாராமை ஆகிய இவையே அவர் ஒப்புக்கொண்ட சட்டம். யாப்பும் அச்சட்டத்தின் ஒரு பிரிவே. யாரும் வற்புறுத்தாத விதியை ஒருவன் தானே மேற்கொண்டு, அதை மீறினாலும் தண்டிப்பார் இல்லாத இடத்திலும் பிழையாமல் காப்பானாயின், அவனுக்குப் புறத்து அதிகாரி வேண்டுவதில்லை. அராஜகம் என்பது ஒழுங்கின்மை என்று அஞ்சுவோர்க்கு அவருடைய ஒவ்வொரு கண்ணியும் மறுமொழி.

இத்தாலிய மொழியில் ஃபாப்ரிட்ஸியோ தெ ஆந்த்ரேயும், ஸ்பானிய மொழியில் பாக்கோ இபான்யெஸும் அவருடைய பாட்டுகளைப் பாடித் தத்தம் மக்களிடம் பரப்பினர். பின்னவர் பாடியது, தம் தாயகம் ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்தில் இருந்த காலம் என்பது நினைக்கத்தக்கது. எதிர்ப்புப் பாட்டுகள் பல, எதிர்த்த பொருள் மறைந்ததும் தாமும் மறைகின்றன. 'கொரில்லா' கண்டித்த சட்டம் இன்று இல்லை, பாட்டு இருக்கிறது. கோபத்தினால் எழுந்த கருத்தைப் பொறுமையினால் விளைந்த வடிவத்தில் வைத்ததே அதற்குக் காரணம். மக்களுக்காகப் பாடுகிறோம் என்று சொல்லிக் கலையின் உழைப்பைக் குறைத்துக்கொள்வோர், மக்களை மதிப்பவராகார். எளிய மனிதரின் செவிக்கு மிகச் சிறந்ததையே தர வேண்டுமென்று பல மாதம் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவரே அவர்களை உண்மையில் மதித்தவர். பாட்டெழுத முனையும் எவரும் பிரஸான்ஸிடம் கற்க வேண்டியது இந்த மரியாதையே.